லயமே இல்லாத இடத்தில் பிள்ளையைத் தேடுவது

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளில், வளர்ந்தவர்களுக்கு ஒரு மிரட்டல் நன்றாக நினைவிருக்கும். "இருட்டினப்புறம் வெளிய சுத்தாதடா. எங்கயோ பாலம் கட்டுறாங்களாம், பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கானாம்." புதுப் பாலத்தின் தூண் நிற்க வேண்டுமென்றால் அடியில் ஒரு பிள்ளையின் தலை வேண்டும் என்பது கதை. இது நம்முடைய கதை மட்டுமல்ல. மலாய்க் கிராமமான கம்பத்திலும் சீனர்களின் புதுக்கிராமத்திலும் இதே பேச்சு இருந்தது. போர்னியோவில் இந்த வதந்தியை மானிடவியலாளர்கள் தனியாக எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

கதை எவ்வளவு கொடூரமானதாக இருந்தாலும் அதில் ஒரு வசதி உண்டு. பிள்ளை எங்கே போனது என்ற கேள்விக்கு அது ஒரு பதில் தந்துவிடும். பிள்ளை காணாமல் போன நிஜக் கேஸ்களில் பல அந்தப் பதிலைக்கூடத் தருவதில்லை. முப்பது, நாற்பது ஆண்டு ஆன கேஸைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் ஊர்க் காப்பிக்கடையில் "போலீஸ் சரியில்ல" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் போலீஸ் ஆண்டுக்கணக்காக உழைத்தும் தீராத கேஸ்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினால், நம்மிடம் கூடுதலாக என்ன குறை என்பது தெளிவாகத் தெரிகிறது.

1966 ஜனவரி 26. ஆஸ்திரேலிய தினம், பொது விடுமுறை, நல்ல வெயில். அடிலெய்டு நகரத்தின் புறத்தே குடியிருந்த போமண்ட் குடும்பத்தின் மூன்று பிள்ளைகள் பஸ் ஏறி, சில நிமிடத் தூரத்தில் இருக்கும் கிளெனெல்க் கடற்கரைக்குப் போனார்கள். மூத்தவளுக்கு 9 வயது, அடுத்தவளுக்கு 7, கடைக்குட்டிப் பையனுக்கு 4. நண்பகல் பஸ்ஸில் திரும்பி வர வேண்டும். வரவில்லை. அன்று மாலையே போலீஸுக்குத் தகவல் போய்விட்டது.

9 வயதுப் பிள்ளையை நம்பி மற்ற இரண்டையும் அனுப்பலாமா என்று இன்றைய பெற்றோர் கேட்கக்கூடும். தோட்டத்தில் பிறந்தவர்கள் கேட்க மாட்டார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் விடியும் முன் பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் காலைக் கூட்டம்) போன வீடுகளில், கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டது போக மிச்சப் பிள்ளைகளுக்கு 9 வயது அக்காதான் ஆயா, சமையல்காரி, காவல்காரி எல்லாம்.

அடிலெய்டு கேஸில் தடயம் இல்லை என்று சொல்ல முடியாது. உயரமான, ஒல்லியான, பொன்னிற முடிக்காரன் ஒருவனோடு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்ததைப் பலர் பார்த்திருக்கிறார்கள். மூத்தவள் ரொட்டிக்கடையில் தின்பண்டம் வாங்கியபோது ஒரு பவுண்டு நோட்டைக் கொடுத்திருக்கிறாள். அம்மா கொடுத்தனுப்பியதோ சில்லறைக் காசு. (ஆஸ்திரேலியா டாலருக்கு மாறியது அடுத்த மாதம் 14ஆம் தேதிதான்.) அப்படியானால் அந்த நோட்டைக் கொடுத்தது யார்? அக்காவுக்குக் கடற்கரையில் ஒரு சிநேகிதன் கிடைத்திருக்கிறான் என்று நடுப்பிள்ளை முன்னொரு நாள் விளையாட்டாகச் சொன்னது அம்மாவுக்குப் பிறகுதான் உறைத்தது. எனக்கு இந்தக் கேஸில் மறக்க முடியாத தடயம் அந்த ஒரு பவுண்டு நோட்டுதான். இத்தனை தெளிவான தடயம் ஒன்று கையில் இருந்தும் அது எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

பிள்ளைகளை முன்பே தெரிந்த தபால்காரர் ஒருவர் அவர்களை வழியில் பார்த்ததாகச் சொன்னார். முதலில் பிற்பகல் 3 மணி என்றார். பிறகு யோசித்துப் பார்த்து, இல்லை, காலையாக இருக்க வேண்டும் என்றார். பொய் சொல்ல அவருக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் அந்த நேரம் எது என்பதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும். காலை என்றால் பிள்ளைகள் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிற்பகல் என்றால் கடற்கரையை விட்டு உயிரோடு கிளம்பியிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தேடல் மேல் தேடல். படகுத்துறை ஒன்றின் நீரை வடித்துப் பார்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் நெதர்லாந்திலிருந்து ஞானதிருஷ்டிக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அவர் ஒரு கிடங்கைக் காட்டினார். மக்கள் பணம் திரட்டி அதன் தரையைத் தோண்டவைத்தார்கள், ஒன்றும் இல்லை. நம் ஆட்கள் வெற்றிலையில் மை போட்டுப் பார்ப்பதையும் பூசாரியிடம் குறி கேட்பதையும் கிண்டல் செய்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பதில் கிடைக்காத வீட்டில் வெள்ளைக்காரரும் மை போட்டுத்தான் பார்த்தார்கள்.

1968இல் மூத்தவள் எழுதியது போலப் பெற்றோருக்குக் கடிதங்கள் வந்தன. அவர்கள் நம்பி, சொன்ன இடத்துக்குப் போய்க் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. 1992இல் கைரேகையை வைத்துத்தான், அதை எழுதியவன் அப்போது பதின்ம வயதில் இருந்த ஒரு பையன் என்பது தெரிந்தது. விளையாட்டுக்கு எழுதினானாம். 2013இலும் 2018இலும் ஒரு பழைய தொழிற்சாலை நிலத்தைத் தோண்டினார்கள்; இரண்டாவது முறை விலங்கின் எலும்புகள் கிடைத்தன. 2025இல் அதே நிலத்தில் தனியார் செலவில் இன்னொரு முறை தோண்டியும் ஏமாற்றம்தான். துப்புக் கொடுப்பவருக்கு 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்ற வெகுமதியை வாங்க இன்றுவரை ஆளில்லை.

இந்தக் கேஸில் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்த விஷயம் வேறு. அந்தப் பெற்றோர் பல ஆண்டுகள் அதே வீட்டிலேயே இருந்தார்கள். பிள்ளைகள் என்றாவது திரும்பி வந்து கதவைத் தட்டும்போது நாம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதுதான் காரணம். பிறகு பிரிந்தார்கள், வீடும் கைமாறியது. தாய் 2019இலும் தந்தை 2023இலும் இறந்தார்கள்.

காத்திருப்பதற்கு அவர்களுக்கு ஒரு வீடு இருந்தது. தோட்டத்துக் குடும்பத்துக்கு அது கிடையாது.

லயம் கம்பெனிக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரை வீடு, வேலை போனால் சாவியைத் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். "என் பிள்ளை திரும்பி வரும், நான் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன்" என்று சொல்லும் உரிமை ஒரு தாய்க்கும் இருந்ததில்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கியபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். அந்தத் துண்டாடலில் வேலையும் கூரையும் ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் ஏராளம். அதைத் தடுக்கத்தான் எங்கள் சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்; தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி போட்டுச் சேர்த்த பணத்தில் தோட்டம் வாங்கினார்கள். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும் ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அடுத்து ரப்பர் மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அவ்வளவு ஆள் தேவையில்லை. 1980, 90களில் தோட்டமே தாமானாகவும் (குடியிருப்புப் பகுதி) கோல்ப் திடலாகவும் மாறியது.

போலீஸ் பார்வையில் இதற்கு என்ன அர்த்தம்? 1975இல் ஒரு லயத்தில் ஒரு பிள்ளை காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். லயத்தில் சுவர் மெல்லியது. இந்த வீட்டில் இருமினால் அந்த வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. யார் வந்தார்கள், எந்தக் கார் நின்றது, யாரோடு யாருக்கு வாய்த்தகராறு என்பதெல்லாம் இருபது வீடுகளின் நினைவில் பரவிக் கிடக்கும். 1995இல் அந்த இருபது வீடுகளில் ஒன்று கிள்ளானில், ஒன்று ஜொகூரில், ஒன்று சேலத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும். கேஸைத் திரும்பத் திறக்கும் அதிகாரி யாரிடம் போய் விசாரிப்பார்? சம்பவம் நடந்த இடத்தைக் காட்டுங்கள் என்றால் வரிசை வரிசையாகச் செம்பனை நிற்கும். கோயில் மட்டும் தப்பியிருந்தால் அதிர்ஷ்டம். அதை அடையாளமாக வைத்து லயம் இங்கே இருந்தது, குழாயடி அங்கே இருந்தது என்று கையால் காட்டலாம்.

நேரத்தின் சங்கதி இன்னும் சிக்கல். அடிலெய்டில் ஒரு தபால்காரரின் நினைவு காலைக்கும் மாலைக்கும் நடுவே தடுமாறியது. தோட்டத்திலோ நேரமே வேலையை வைத்துத்தான் பேசப்படும். "பெரட்டுக்குப் போறப்ப தூங்கிட்டிருந்தான்." "பால் நிறுத்துட்டு வந்தப்ப காணோம்" (அதாவது, ரப்பர் பாலை எடைபோட்டுவிட்டு வந்தபோது). இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே ஆறேழு மணி நேரம் ஓடியிருக்கும். மழை பெய்து மரம் சீவும் வெட்டு நின்ற நாளென்றால் கணக்கே வேறு. கேட்பவருக்குத் தோட்டத்து வேலை தெரிந்திருந்தால்தான் இது கடிகார நேரமாக மாறும். தெரியாதவர் "பாகி" (மலாயில் காலை) என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போவார்.

மொழியும் இங்கேதான் வந்து நிற்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு, சாட்சி சொன்னதை எழுதி, அவர் சொன்ன மொழியிலேயே அவருக்கு வாசித்துக் காட்டி, பிறகு கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்க வேண்டும் என்கிறது. சட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் தமிழில் சொன்னது மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்படும்போது நடுவில் நின்று மொழிபெயர்ப்பவர் யார் என்பதைப் பொறுத்தது எல்லாம். அது கிராணியாகவோ மண்டோராகவோ (மேற்பார்வையாளர்) இருந்து, அம்மாவுக்குச் சந்தேகமே அந்த மொழிபெயர்ப்பவர் வீட்டு ஆள் மேல் என்றால், அவள் வாய் திறந்திருப்பாளா?

அடுத்தது காகிதம். இந்த நாட்டில் அடையாள அட்டை (ஐசி), கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்கப் பிறப்பித்த அவசரகாலத்தில், 1948இல் வந்தது. அந்த அவசரகாலத்துக்குக் காரணமான துப்பாக்கிச் சூடுகள் நடந்ததும் சுங்கை சிப்புட் தோட்டங்களில்தான். அன்றும் இன்றும் ஐசி 12 வயதில்தான். அதாவது 12 வயதுக்கு முன் காணாமல் போன பிள்ளையின் கைரேகை அரசாங்கத்திடம் இல்லை. படம்? பழைய தோட்டத்து வீடுகளில் ஒரு கல்யாணப் படம் இருக்கும், ஸ்டூடியோவில் எடுத்தது. பிள்ளையைத் தனியாக நிற்கவைத்து எடுத்த படம் இருந்தால் பெரிய விஷயம். பிறப்புப் பத்திரமே எடுக்காமல் விட்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பிறந்ததாகப் பதிவே இல்லாத பிள்ளை காணாமல் போனால், சட்டத்தின் கணக்கில் எதுவுமே குறையவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை நாம் பேசுவதில்லை. அடுத்தவர் பிள்ளையை எடுத்து வளர்ப்பது தோட்டத்தில் சாதாரணம். சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண்பிள்ளைகளைத் தமிழ்த் தாய்மார்கள் பொட்டு வைத்து, பூ வைத்து வளர்த்துக் கட்டிக்கொடுத்த கதை ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அது நம் சமூகத்தின் பெருமைகளில் ஒன்று. தத்தெடுப்பைப் பதிவதற்கு 1952லேயே சட்டம் இருந்தது. ஆனாலும் பலர் பதியவில்லை, பிள்ளையைக் கையில் வாங்கியதோடு சரி. ஒரு வீட்டில் திடீரென்று ஒரு பிள்ளை வந்து நின்றால் "யார் பிள்ளை?" என்று கேட்பார்கள், "எடுத்து வளர்க்கிறோம்" என்றால் அதற்குமேல் கேட்க மாட்டார்கள். இந்தப் பெருந்தன்மைக்குள் ஒரு திருட்டுப் பிள்ளையையும் மறைத்துவிட முடியும். மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்கிறேன்.

ஆனால் இதே காகிதம்தான் சில சமயம் பூட்டைத் திறக்கிறது. 1987இல் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையிலிருந்து பிறந்து 19 நாளே ஆன பெண் குழந்தையை ஒருத்தி தூக்கிக்கொண்டு போய்த் தன் மகளாக வளர்த்தாள். அந்தப் பெண் வளர்ந்து கர்ப்பமானபோது பிறப்புப் பத்திரம் தேவைப்பட்டது. வளர்த்தவளால் சரியான பத்திரம் காட்ட முடியவில்லை. அந்தச் சந்தேகம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. கடைசியில் காணாமல் போன பிள்ளைகளின் படங்களில் தன் குழந்தைமுகத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்தாள். 2011இல் மரபணுச் சோதனை அதை உறுதிசெய்தது. போலீஸ் கண்டுபிடிக்கவில்லை, காணாமல் போன பிள்ளையே தன்னைக் கண்டுபிடித்தது. நம் நாட்டில் அந்தத் தருணம் 12 வயதில் ஐசி எடுக்கப் போகும்போது வரும். பத்திரம் இல்லை, பெற்றோர் விவரம் ஒத்துப்போகவில்லை என்று பதிவு இலாகா கவுண்டரில் திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெறும் அலட்சியத்துக்கு ஆளானவர்கள்தான். ஆனாலும் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று ஒரு முறையாவது ஆழமாகக் கேட்க வேண்டிய இடம் அந்தக் கவுண்டர்.

புதிய கேஸ்களில் நிலைமை மாறியிருக்கிறது, முழுதாக இல்லை. 2007 ஆகஸ்ட் 20ஆம் தேதி கோலாலம்பூரின் வங்சா மாஜூவில் இரவுச் சந்தைக்குப் போன 8 வயது நூரின் ஜஸ்லின் திரும்பவில்லை. செப்டம்பர் 17ஆம் தேதி பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கடை முன் கிடந்த பைக்குள் உடல் கிடைத்தது. அடுத்த ஜனவரியில் தாமான் மேடானில் 5 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டுப் பக்கத்தில் விளையாடப் போய்க் காணாமல் போனாள். நாடே போஸ்டர் ஒட்டித் தேடியது. இந்த அதிர்ச்சியிலிருந்துதான் 2011இல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான நூரின் எச்சரிக்கை முறை வந்தது. முதல் சில மணி நேரத்திலேயே தகவல் பரவ வேண்டும் என்பது அதன் அடிப்படை. 24 மணி நேரம் கழித்துத்தான் ரிப்போர்ட் எடுப்பார்கள் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. பிள்ளை காணவில்லை என்றால் அந்த நிமிடமே போய்ச் சொல்லலாம்.

சட்டத்தின் காலக்கணக்கில் ஒரு முரண் இருக்கிறது. குற்றவழக்குக்கு இங்கே காலாவதி இல்லை. பிள்ளையைக் கடத்தியவன் நாற்பது ஆண்டு கழித்துப் பிடிபட்டாலும் கூண்டில் நிறுத்தலாம். ஆனால் போலீஸோ வேறு அரசு இலாகாவோ கடமை தவறியது என்று குடும்பம் வழக்குப் போட வேண்டுமானால் அதற்கு 36 மாதம்தான் அவகாசம். பிள்ளையைத் தேடி அலையும் பெற்றோர் அந்த மூன்று ஆண்டில் வக்கீலைத் தேடுவார்களா? சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவு இன்னொரு கணக்கு வைத்திருக்கிறது: 7 ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்றால் அவர் இறந்திருக்கக்கூடும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். சொத்து, இன்சூரன்ஸ் இருப்பவர்களுக்கு அது பயன்படும். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன சொத்து? எந்தத் தாய் போய் அந்த உத்தரவைக் கேட்பாள்?

எடுத்துப் போனவர் யார் என்று தெரிந்தாலே தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. ஈப்போவில் 2009இல், தந்தை பிள்ளைகளைத் தாயின் சம்மதமில்லாமல் மதம் மாற்றி, 11 மாதக் குழந்தையாக இருந்த மகளை எடுத்துக்கொண்டு போன வழக்கை, இந்திரா காந்தி என்ற அந்தத் தாயின் வழக்கை, இங்கே அறியாத தமிழர் இல்லை. ஒருதலைப்பட்சமான மதமாற்றம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29இல் ஒரு மனதாகத் தீர்ப்புச் சொன்னது. எடுத்துப் போனவரின் பெயர் தெரியும், முகம் தெரியும், பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவும் கையில் இருந்தது. அதற்குப் பிறகும் தாய் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தார். அடிலெய்டின் மர்மத்துக்கு நேர்மாறான கேஸ் இது. அங்கே ஆள் தெரியாது, இங்கே எல்லாம் தெரியும்.

பழைய கேஸ்களுக்கு இன்று மிஞ்சியிருக்கும் வலுவான வழி மரபணுதான். 2009ஆம் ஆண்டின் டிஎன்ஏ அடையாளச் சட்டம், தடயவியல் தரவு வங்கியில் குற்றவாளிகளுக்கு மட்டுமல்லாமல், காணாமல் போனவர்களுக்கும் தானாக முன்வந்து மாதிரி கொடுப்பவர்களுக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கிறது. கைரேகை இல்லாத பிள்ளைக்கும் தாயின் எச்சில் போதும். சிக்கல் என்னவென்றால் தாய் உயிரோடு இருக்க வேண்டும். 1975இல் 30 வயதாக இருந்த தாய்க்கு இப்போது 80ஐத் தாண்டியிருக்கும். கூடப்பிறந்தவர்களின் மாதிரியும் உதவும், ஆனால் பெற்றவர்களுடையதைப் போல அத்தனை தெளிவாகப் பேசாது.

அப்படி ஒரு கேஸ் உங்கள் குடும்பத்தில் இருந்து, பாட்டியோ பெரியம்மாவோ இன்னும் பேசும் நிலையில் இருந்தால், முதலில் உட்கார்ந்து தோட்டத்தின் பெயரைச் சரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பெயர் போதாது. நம் ஆட்கள் தோட்டத்தைக் கங்காணி பெயராலோ ஆற்றங்கரையாலோ கோயிலாலோ அழைத்தார்கள். கம்பெனிப் புத்தகத்தில் ஸ்காட்லாந்துக்காரன் வைத்த பெயர் இருக்கும். விற்ற பிறகு மூன்றாவது பெயர் வந்திருக்கும். ஊர்ப் பெயரே மாறியிருக்கலாம். பத்தாங் பெர்ஜுந்தாய் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆகவில்லையா? போலீஸ் கோப்பில் கம்பெனிப் பெயர், பாட்டியின் வாயில் தமிழ்ப் பெயர், இன்றைய வரைபடத்தில் தாமான் பெயர். மூன்றும் ஒரே இடம்தான் என்று சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் பாட்டி ஒருத்தியாகத்தான் இருப்பார். எந்த போலீஸ் நிலையத்தில் ரிப்போர்ட் கொடுத்தார்கள், கூடப் போனது யார், அப்போது கிராணி யார் என்பதையும் கேளுங்கள். ஐசிகளும் பழைய ரசீதுகளும் போட்டுவைத்த பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள். ரிப்போர்ட் எண் எழுதிய துண்டுத்தாளை அந்தக் காலத்தவர்கள் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள்.